சீர்வரிசையில் வந்த ஹாரன்

மதினி அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு பிரெஞ்சு ஹாரனும் வந்தது. குத்துவிளக்கு, தவலை, குடம், தாம்பாளம் என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கடைசியில் ஒரு பித்தளைக் குழாய் சுருண்டு சுருண்டு, ஒரு முனையில் தாம்பாளம் அகலத்துக்கு வாய் விரிந்து கிடந்தது. சீர் பார்க்க வந்த பெண்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இது என்னட்டி, முறுக்கு பிழியுததா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லக்கா. எங்க அப்பா ஊதுனது. பிரெஞ்சு ஹாரன்" என்றாள் மதினி. கல்யாணப் பெண் குனிந்த தலை நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டாள் என்று ஒரு வாரம் தெருவில் அதுவே பேச்சாக இருந்தது.

மதினியின் அப்பா பட்டாளத்து பேண்டில் ஹாரன் ஊதியவர். ஓய்வு பெறும்போது பேண்டில் கழித்துப் போட்ட ஒரு ஹாரனை ஏலத்தில் எடுத்து வந்தார். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். மதினி வளர்ந்ததெல்லாம் எங்கோ வடக்கே, பேண்ட்காரர்களின் குடியிருப்பில். பெண் பிள்ளை என்று அவளுக்கு யாரும் ஊதக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அப்பாவின் ஹாரனைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, விரல் வைத்தால் திரும்புகிற வால்வுகளுக்கு நரம்பு கட்டுவது எல்லாம் அவள் வேலை. பொழுது விடிந்தால் பத்துப் பேர் ஊதிப் பழகுவதைக் கேட்டு வளர்ந்த காது அவளுடையது.

அவளிடம் ஒரு குணம் உண்டு. ஒரு சாமான் ஓடவில்லை என்றால் அதைத் திட்ட மாட்டாள், தட்ட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கன ஒட்டுதுன்னு பாப்போம்" என்பாள். தையல் மெஷினுக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான். மனுஷர்களையும் அப்படித்தான் பார்த்தாள்.

அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கோபம் வரும். தட்டு பறக்கும். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இவன் ஆடுத ஆட்டம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பெரிய கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து அவன் நெற்றியில் பூசிப் பார்த்தாள். மதினி வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை, அண்ணன் எத்தனை மணிக்கு என்ன செய்கிறான் என்று காலையிலிருந்து கவனித்தாள். நெய்த சேலையை நெசவாளர் சொசைட்டியில் கொடுப்பதற்கு அவன் அன்றைக்கு வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நிற்கிறான், மத்தியானம்தான் திரும்புகிறான். அடுத்த வாரம் நாலு இட்லியை இலையில் கட்டிக் கையில் கொடுத்தாள். அதோடு கோபம் நின்றது. "இம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா. "இம்புட்டுத்தான் அத்தை" என்றாள் மதினி.

அந்த ஹாரன் என் கைக்கு வந்ததற்கும் அவளுடைய அந்தக் குணம்தான் காரணம்.

எங்கள் வீட்டில் ஒரு தறிதான் உண்டு. நெய்ய இரண்டு ஆண்கள். காலையில் அண்ணன் இறங்குவான், மத்தியானத்துக்கு மேல் நான். அப்போது நூல் சரியாக வராத காலம். ஒருவனுக்கே வேலை பற்றாது. எனக்கு வேறு வேலை தேடலாம் என்றால், வெளியாட்களிடம் நான் வாய் திறந்து பேச மாட்டேன். கடைக்காரர் கேட்டால்கூட விரலால்தான் காட்டுவேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெயர் கேட்டார்கள். சொல்ல முடியாமல் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். "ஊமைன்னு நெனச்சிட்டாங்களே பாவி" என்று அம்மா அழுதாள். எனக்கு மதினியைவிட ஒரு வயது கூடுதல், இருபத்திரண்டு.

நான் சத்தம் எழுப்புகிற ஒரே இடம் மார்கழி பஜனை. பாட்டுப் பாட வேண்டாம், சங்கு மட்டும் ஊதினால் போதும் என்பதால் சங்கை வாங்கி வைத்துக்கொள்வேன். மதினி வந்த முதல் மார்கழியில் அதைக் கேட்டிருக்கிறாள். விடிந்ததும் ஹாரனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"கொழுந்தனாரே, சங்கு ஊதத் தெரிஞ்ச உதடு இருக்குல்லா. இதுக்கு அதுதான் முக்காவாசி. மிச்சத்த நான் சொல்லுதேன்."

"எனக்கு வராது மதினி."

"வராட்டா எங்கன ஒட்டுதுன்னு பாப்போம்."

மதினியின் அப்பா கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இரண்டு இருந்தன. கோட்டின் மேல் புள்ளி இருந்தால் இன்ன சுரம், இடையில் இருந்தால் இன்ன சுரம் என்று மதினி சொல்லிக்கொடுத்தாள். காலையில் அண்ணன் தறியில் இருப்பான். நான் பின்கட்டில் உட்கார்ந்து ஊதுவேன். மதினி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றுவாள். சுரம் பிசகினால் ராட்டை நிற்கும். சரியாக வந்தால் ஓடும். ஒரு நாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது. "மூஞ்சியப் பாத்தா காது வேலை செய்யாது" என்பாள்.

ஹாரன் ஒரு பொல்லாத வாத்தியம். பக்கத்துப் பக்கத்துச் சுரமெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கும். உதட்டை மயிரிழை தப்பி வைத்தால் நினைத்தது வராமல் அடுத்த வீட்டுச் சுரம் வந்து நிற்கும். "அதனால ஊதிட்டுத் தேடக்கூடாது. தேடிட்டு ஊதணும். மொத சுரத்த வாயால பாடிப் பாருங்க, பெறவு ஊதுங்க" என்றாள். பாடுவதற்கு எனக்கு வெட்கம். அதையும் கண்டுபிடித்து, "பாட வேண்டாம். மூக்குக்குள்ள முனங்குங்க போதும்" என்றாள். அன்றையிலிருந்து முதல் சுரம் ஓரளவு நின்றது.

ஊத ஊதக் குழாய்க்குள் சேருகிற எச்சில் தண்ணீரை ஊற்ற எனக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்தாள். குழாய்க்குள் தண்ணீர் நின்றால் சுரம் கொடகொடவென்று கொதிக்கும். அம்மாவுக்குத்தான் அது தாங்கவில்லை. "எச்சித் தண்ணிய வீட்டுக்குள்ள எடுத்து வைக்காளே, இதெல்லாம் எந்த ஊரு வழக்கம்ட்டி?" என்பாள்.

அதே அம்மாதான் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் அந்தக் காரியத்தைச் செய்தாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் தபசு பார்க்க வருவார்கள் என்று வீட்டிலுள்ள பித்தளையையெல்லாம் முற்றத்தில் போட்டுப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். ஹாரனையும் தேய்த்தாள். உள்ளேயும் அழுக்கு இருக்குமே என்று புளியைக் கரைத்து வாய் வழியாக ஊற்றிக் குலுக்கினாள். நானும் மதினியும் நூல் வாங்கிவிட்டு வந்து பார்த்தால், குடத்துக்குப் பக்கத்தில் ஹாரன் கவிழ்ந்து கிடந்தது. தங்கம் மாதிரி மின்னியது. வால்வு மூன்றும் அசையவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"பித்தளைன்னா தேய்க்கத்தாம்லே செய்வாங்க! நான் என்னத்தக் கண்டேன்?" என்று அம்மாவும் கத்தினாள்.

மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "அத்தை, தண்ணி கொஞ்சம் வெதுவெதுன்னு வச்சித் தாங்க. கொதிக்கக் கூடாது" என்றாள். மூடியைத் திருகிக் கழற்றி, மரக்கட்டையால் பொறுமையாகத் தட்டி, வால்வை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எது எந்தக் குழியில் இருந்ததோ அதில்தான் திரும்பப் போக வேண்டும், மாற்றிப் போட்டால் ஹாரனே போய்விடும் என்று மூன்றையும் மூன்று வெற்றிலையின் மேல் வரிசையாக வைத்தாள். குழாய்க்குள் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு விட்டு அலசினாள். புளிக் கோது வந்தது. ஒரு புளியங்கொட்டைகூட வந்தது. பழைய நரம்புகள் அறுந்துபோயிருந்தன. தறி நூலை முறுக்கி மெழுகு போட்டுக் கட்டிப் பார்த்தாள். இரண்டு நாளில் தொய்ந்துவிட்டது. சந்தையில் தூண்டில் நரம்பு வாங்கி வரச் சொன்னாள். எட்டுப் போட்ட மாதிரி சுற்றி, திருகாணியில் முடிந்து கட்டியதும் விரல் வைத்தால் வைத்த இடத்தில் வால்வு திரும்பியது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. அவ்வளவுதான்.

அம்மா தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே நான் அதத் தொடல" என்றாள்.

"தொடுங்க அத்தை. வெளிய மட்டும் துணி வச்சித் துடைங்க. நல்லாத்தான் மின்னுது" என்றாள் மதினி.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் அண்ணன் சலூனிலிருந்து ஒரு பேப்பரைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டு வந்தான். ஒரு போலீஸ் பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஹாரன் ஊத ஒரு இடம். வயதைக் கணக்குப் பார்த்தால் எனக்கு அதுதான் கடைசி வருஷம். அதை விட்டால் ஒரே தறிக்கு இரண்டு பேர் என்பது மாறப் போவதில்லை. அண்ணனுக்கும் அப்போது பிள்ளை பிறந்திருந்தது.

எழுதிப் போட்டோம். அந்த மாதம் அமாவாசையன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. "ஏலே, அந்த ஹாரன எடுத்து ஊதிக் காட்டு" என்றான் அண்ணன். எடுத்தேன். முதல் சுரமே பொத்தல் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

மதினி ஹாரனை வாங்கித் தண்ணீர் பார்த்தாள், வால்வு பார்த்தாள், நரம்பு பார்த்தாள். எதிலும் குறை இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல் ஊதினேன். ஒரு பிசகு இல்லை. மதினி ராட்டையை நிறுத்திவிட்டு யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஒட்டுத எடம் கெடச்சிட்டு கொழுந்தனாரே. ஹாரன்ல இல்ல. நீங்க தறிச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு ஊதுதீக."

உண்மைதான். தெரு முழுக்கத் தறி அடிக்கிறபோது நான் ஊதுவது யாருக்கும் கேட்காது என்று ஒரு தைரியம் எனக்கு. சத்தம் நின்றால் தெருவே என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

"பரீட்சை நடக்குத எடத்துல தறி ஓடாது" என்றாள்.

பரீட்சைக்கு முன்னால் ஐந்து அமாவாசை இருந்தது. முதல் அமாவாசைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மதினி மட்டும் கேட்டாள். அடுத்ததற்குக் கதவைத் திறந்து வைத்தாள். மூன்றாவதற்கு அம்மாவை எனக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அம்மா முறைத்துக்கொண்டே இருந்தாள், அப்படி இருக்கச் சொன்னதே மதினிதான். நான்காவதற்குப் பக்கத்து வீட்டு அண்ணாச்சியை அழைத்தாள். வாய்க்குப் பேர்போனவர். ஹாரன் ஊதும்போது வலது கையை அதன் வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"என்னத்தடே உள்ள கைய விட்டுத் தேடுத? தொலஞ்சது நாளைக்குக் கெடைக்கும், இப்பம் ஊது."

"அண்ணாச்சி, இப்படியே பேசிக்கிட்டே இருங்க. அங்க இதவிட மோசமா பாப்பாங்க. இவருக்கு நல்ல பழக்கம்" என்றாள் மதினி.

"நான் பேசுனா அவனுக்கு உதவியா? அப்பம் பேச மாட்டேன், போ" என்று அவர் வாயை மூடிக்கொண்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது அமாவாசைக்கு வாசலில் இருபது இருபத்தைந்து பேர். எட்டாவது வரியில் ஒரு சுரம் தப்பியது. நான் நிறுத்திவிட்டேன்.

மதினி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே சொன்னாள். "ஏன் நிறுத்துனீக? போன சுரம் போயிட்டு. அதுக்குப் பின்னால ஓடுனா வாரதும் போயிரும். தப்பாத ஹாரன்காரன் எங்க அப்பா பேண்ட்லயே கெடையாது. ஆள் எடுக்குதவங்களும் அது தெரிஞ்சவங்கதான். தப்பு வந்தா மூஞ்சியச் சுளிக்காதீக, யாரு மூஞ்சியவும் பாக்காதீக, மேல போங்க."

புறப்படுகிற அன்று அவள் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். "புதுச்சட்டை போடாதீக, கழுத்த இறுக்கும், மூச்சு எறங்காது. போட்டு ஊதிப் பழகுன சட்டை போதும். கடலை, முறுக்கு எதையும் வாயில போடாதீக, ஒரு துண்டு உள்ள போனாலும் வால்வு நின்னுரும். வாயில வைக்குத மவுத்பீஸ மட்டும் கழட்டி உள்ளங்கையில வச்சுக்கோங்க, ஒடம்புச் சூட்டுல இருக்கட்டும். ஹாரன வெயில்ல வைக்காதீக, சுருதி ஏறிரும். என்ன வேணா ஊதலாம்னு சொன்னா வேகமான பாட்டு எடுக்காதீக, மெதுவானத எடுங்க. வேகத்த எல்லாரும் காட்டுவாங்க. நாதத்த யாரு காட்டுதான்னுதான் அவங்க பாப்பாங்க." மாற்று நரம்பும் சின்னத் திருப்புளியும் ஒரு துணியில் முடிந்து தந்தாள். தானும் வருவதாகச் சொன்னாள்.

"பொம்பளப் பிள்ளை போலீஸ்காரன் எடத்துக்கா?" என்றாள் அம்மா.

"ஹாரன் என்னுது அத்தை. அது போற எடத்துக்கு நான் போவேன்" என்றாள் மதினி. கைப்பிள்ளையை அம்மா வாங்கிக்கொண்டாள்.

அண்ணன், மதினி, நான் மூவரும் விடிகாலை பஸ்ஸில் போனோம். ஹாரனுக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவரிடம் புத்தம் புது ஹாரன். அதைப் பார்த்ததும் என் ஹாரனை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். மதினி அவர் ஹாரனைப் பார்க்கவேயில்லை. "அவரு சட்டையப் பாருங்க. இன்னைக்குத்தான் பிரிச்சிருக்காரு. பாவம்" என்றாள். மைதானத்தில் பரேடு நடந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம். அண்ணனும் மதினியும் அதன் நிழலுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பேண்ட் மாஸ்டர், நரைத்த மீசை. என் முறை வந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அறை அமாவாசையன்று எங்கள் தெரு இருப்பது போல ஆகிவிட்டது.

பெயர் கேட்டார். என் பெயர் எனக்கே கேட்காதபடி சொன்னேன். "ஊது" என்றார். தண்ணீரை வடித்தேன். மூக்குக்குள் முதல் சுரத்தை முனங்கினேன். ஊதினேன். அது அப்படியே நின்றது. நான் எடுத்தது மதினியின் அப்பா நோட்டில் இருந்த ஒரு மெதுவான பாட்டு. ஐந்து அமாவாசைக் கூட்டமும் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். எல்லாரும் தெரிந்த முகங்கள், பயம் கொஞ்சம் விலகியது. பாதியில் ஒரு மேல் சுரம் உடைந்தது. நன்றாகவே உடைந்தது. மூவரில் ஒருவர் எதையோ எழுதினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே போனேன். கடைசிச் சுரத்தை மூச்சு இருக்கிறவரை இழுத்து, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினேன்.

பிறகு முன்பின் பார்க்காத ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதையும் ஊதினேன். பேண்ட் மாஸ்டர் எழுந்து வந்து ஹாரனைக் கையில் வாங்கினார். வால்வைக் காதருகே வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒரு சத்தம் இல்லை.

"இவ்வளவு பழைய ஹாரன். யார் பார்த்துக்கறது?"

"எங்க மதினி."

"நரம்பு கட்டினது?"

"மதினிதான் சார்."

"நடுவுல ஒரு நோட் உடைஞ்சுதே. உனக்கு முன்னாடி ரெண்டு பேர் அந்த மாதிரி ஆனதும் நின்னுட்டாங்க, ஸாரி சார்னாங்க. நீ ஏன் நிக்கல?"

"நிக்கக் கூடாதுன்னு மதினி சொன்னாங்க சார்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். "அந்த அம்மாவையே எடுத்துக்கலாம் போலிருக்கே" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். மிச்சமிருந்த ஒருவரையும் ஊதக் கேட்டுவிட்டு, என்னைத் திரும்ப உள்ளே அழைத்தார்கள். பேண்ட் மாஸ்டர் என் தாளில் கையெழுத்துப் போட்டார். "மெடிக்கலுக்குப் போ. ஹாரனுக்கு நீதான்."

ஹாரனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே மைதானம். அணி அணியாகப் போலீஸ்காரர்கள் அசையாமல் நின்றிருந்தார்கள். அதற்கப்பால் வேப்பமரத்தடியில், கட்டடத்துக்கு முதுகைக் காட்டி மதினி உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் போனால் ஐந்து நிமிஷமாவது ஆகும். என்னால் அவ்வளவு நேரம் பொறுக்க முடியவில்லை.

"மதினீ! எடுத்துட்டாங்க மதினீ!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நின்றிருந்த அணிகளில் தலைகள் திரும்பின. "யார்றா அது?" என்று ஒரு அதட்டல் வந்தது. அண்ணன் துள்ளி எழுந்தான். மதினியும் எழுந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு, கேட்கவில்லை என்பதுபோல் ஒரு கையைக் காதுக்குக் குவித்துக் காட்டினாள்.

நூறு தறிச் சத்தத்துக்குள்ளே ஒரு சுரம் பிசகினால் கண்டுபிடிக்கிற காது அது. எனக்குத் தெரியாதா! நான் மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து, இன்னும் பலமாகக் கத்தினேன்.